நெட்டையண்ணனின் இடது கணுக்கால்

எங்கள் டிப்போவில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லோரும் தலையைச் சொறிவார்கள். நெட்டை என்று கேளுங்கள், வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "அவரா, பதினாலாம் நம்பர் வண்டி" என்பார்கள். ஆறடி மூன்று அங்குலம். அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு மனிதர் பிடித்த வேலையைப் பாருங்கள், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மடங்கி உட்கார்ந்து பஸ் ஓட்டுவது. இருக்கையைக் கடைசிப் பல் வரை பின்னால் தள்ளிப் போட்டாலும் அவர் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும்.

நான் அந்த வண்டியின் கண்டக்டர். ஒன்பது வருடமாக அவர் முன்னால், நான் பின்னால். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை "ம்மா" என்பார், கோபம் வந்தால் மட்டும் "கண்டக்டரம்மா" என்பார். கூடப் பிறந்த அண்ணன் ஒருவன் எனக்கு இருக்கிறான். அவனோடு பேசியதை விட இவரோடு பேசியதுதான் அதிகம், சண்டை போட்டது அதைவிட அதிகம்.

அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். வாசலில் குனிவார், உள் அறைக்குள் நுழையக் குனிவார், மின்விசிறிக்குக் கீழே வந்தால் தலையைத் தானாகச் சாய்த்துக்கொள்வார். கட்டிலில் படுத்தால் பாதம் இரண்டும் வெளியே நிற்கும். அண்ணி அங்கே ஒரு முக்காலியைப் போட்டு வைத்திருக்கிறார். அண்ணிக்கு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை, எதையும் அளந்து வெட்டிப் பழகிய கை. "இந்த ஆளுக்குத் தோதா ஒரு பொருளும் கடையில கிடைக்காது" என்பார். உலகம் வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை, இவர் அதற்குள் நாற்பத்தாறு வருடமாக நெளிந்துகொண்டிருக்கிறார்.

அவர் நிமிர்வது ஒரே இடத்தில்தான். டிப்போவுக்குப் பின்னால், டீசல் பம்புக்கும் பழைய டயர் குவியலுக்கும் நடுவில் ஒரு வாலிபால் மைதானம் உண்டு. மைதானம் என்றால் மண்தரை, இரண்டு கம்பம், ஒரு வலை. மாலை நான்கு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் காக்கிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் ஒரு மணி நேரம் ஆடுவார்கள். நெட்டையண்ணன் வலைக்கு முன்னால் நிற்பார். பந்து எழும்பும். அவர் முதலில் லேசாகக் குனிவார், நாள் முழுக்கக் குனிந்தது போதாதென்று. அப்புறம் எழும்புவார். இடுப்பு, முதுகு, தோள், கை, விரல் நுனி என்று ஒவ்வொன்றாக விரிந்துகொண்டே போகும். நான் முதல் தடவை பார்த்தபோது, இந்த ஆள் இவ்வளவு பெரியவரா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தையும் அவர் மடங்கிக் கழிக்கிறார் என்று அன்றைக்குப் புரிந்தது.

எழும்பினால் இறங்கத்தானே வேண்டும். வினை அங்கேதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் எழும்பி இறங்கும்போது வலைக்கு அடியில் எதிர்ப்பக்கத்து ஆளின் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணனின் இடது கால் அதன் மேல் இறங்கி, உள்பக்கமாக மடங்கியது.

உடனே ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். ஒருத்தர் வெந்நீர் கொண்டு வந்தார். இன்னொருத்தர் எரிச்சல் தைலம். அணியின் கேப்டன் டயர் பிரிவில் வேலை பார்ப்பவர், லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றுகிற கை. அவர் அண்ணனின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "சுளுக்கு எடுத்து விடுறேன், பல்லக் கடிச்சிக்கோங்க" என்று ஒரு முறுக்கு முறுக்கினார். அண்ணன் பல்லைக் கடித்தார். விடிந்து பார்த்தால் கணுக்கால் பன் மாதிரி ஊதி, நீலம் பாரித்துக் கிடந்தது.

மூன்று வாரம் கழித்து வண்டி ஏறினார். ஏறியதும் இடது காலால் கிளட்சை மிதித்துப் பார்த்தார். வலி இல்லை. "கிளட்ச் அமுங்குதும்மா, கால் சரியாயிடுச்சு" என்றார். டிப்போ முழுக்க அதே பேச்சுதான். எங்கள் ஓட்டுநர்களுக்குத் தெரிந்த ஒரே மருத்துவப் பரிசோதனை அது. முதுகு வலியா, முழங்கால் வலியா, கிளட்ச் அமுங்குதா பார், அமுங்கினால் நீ நல்லாயிருக்கிறாய். எங்கள் தடத்தில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது கிளட்சை மிதிக்க வேண்டும். ஆயிரம் தடவை மிதித்தும் வலிக்காத காலை யார் சந்தேகப்படுவார்கள்? நானும் படவில்லை. அன்றைக்கு மாலையே அவர் வலைக்கு முன்னால் நின்றார், நான் கை தட்டினேன்.

அடுத்த வருடம் அதே கால், அதே மடக்கு. மறுபடி வெந்நீர், மறுபடி தைலம், மறுபடி கிளட்ச்.

மூன்றாவது தடவை இந்த வருடம். டிப்போக்களுக்கு இடையேயான போட்டிக்கு நான்கு மாதம் இருந்தது. இந்த முறை யார் பாதத்தின் மேலும் இறங்கவில்லை, வெறும் தரையில்தான் இறங்கினார். கால் தானாக மடங்கிக்கொண்டது. குற்றம் சொல்ல இந்தத் தடவை ஆள் கிடைக்கவில்லை.

ஆறு வாரம் அவரைச் சாவி அறையில் உட்கார வைத்தார்கள். ஓட்டுநர்கள் காலையில் வந்து வண்டிச் சாவி வாங்குகிற சின்ன ஜன்னல். அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஆணியில் தொங்கும் நூற்றுப்பத்துச் சாவிகள். கூரை தாழ்வு, நிமிர்ந்து நிற்கக்கூட முடியாது. நான் தினமும் தற்காலிக ஓட்டுநருக்காக எங்கள் வண்டிச் சாவியை அவரிடமே கேட்டு வாங்குவேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் நீட்டுவார். எத்தனையோ பேர் வேலை போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த ஜன்னலில் அவரைப் பார்த்தது மாதிரி எனக்கு நெஞ்சு வலித்ததில்லை. திரும்பி வந்தபோது மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, நிதானமாகத்தான் சொன்னார். "இன்னொரு தடவை இந்தக் கால் மடங்குச்சுன்னா ஸ்டியரிங்க மறந்துடுங்க. சாவி ரூம்தான் நிரந்தரம். எனக்கு பஸ்ல வர்ற ஜனங்க முக்கியம்."

ஆஸ்பத்திரி டாக்டர், ஓட்டலாம் ஆனால் குதிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்து, பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். அண்ணிக்கு விடுப்பு கிடைக்கவில்லை, தவிர இந்த மனிதர் டாக்டரிடம் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் சொல்வார் என்பது அண்ணிக்கும் எனக்கும் தெரியும்.

பிசியோ அம்மாவுக்கு என் தோள் உயரம்தான் இருக்கும். அண்ணன் நடந்த கதையைச் சொல்லச் சொல்ல அவர் கண் சுருங்கிக்கொண்டே போனது.

"வெந்நீர் ஊத்தச் சொன்னது யாரு?"

"பொதுவா எல்லாரும்..."

"முறுக்கி விட்டது?"

"எங்க கேப்டன். டயர் மெக்கானிக்."

"கால்ல என்ன காத்தா அடிக்கணும்?" என்றார் அந்த அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "மடங்கின உடனே உள்ளே தசைநார் கிழிஞ்சு வீங்கிட்டிருக்கு. அந்த நேரத்துல சூடு வெச்சுத் தேச்சா வீக்கம் இன்னும் ஏறும். முதல் ரெண்டு மூணு நாள் காலுக்கு ஓய்வு குடுங்க. ஐஸ துணியில சுத்தி ஒரு கால் மணி நேரம் வைங்க, எடுங்க, அப்புறம் திரும்ப வைங்க. விரல் பக்கத்துலேருந்து மேல வரைக்கும் துணிக்கட்டு போடுங்க. படுத்தா தலையணை மேல காலைத் தூக்கி வைங்க. ஊன்றவே முடியலன்னா எலும்பு உடைஞ்சிருக்கான்னு படம் எடுத்துப் பாக்கணும். முறுக்கக் கூடாது. உங்க கேப்டன டயரோட நிறுத்திக்கச் சொல்லுங்க."

"ஆனா ஒவ்வொரு தடவயும் சரியாயிடுச்சே மேடம். கிளட்ச் நல்லா அமுங்குச்சு."

அவர் தன் உள்ளங்கையைப் பாதம் மாதிரி நீட்டி, மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். "கிளட்ச் மிதிக்கிறது இப்படி. உங்க கால் மடங்கினது எப்படி?" கையை உள்பக்கமாகச் சாய்த்தார். "இந்தப் பக்கத்த நீங்க ஒரு நாளும் சோதிக்கவே இல்ல. ஆயிரம் தடவ மிதிச்சாலும் அது சோதிக்கிறது வேற எதையோ."

அண்ணனின் மூன்று வருட வைத்தியம் அந்த ஒரு கையசைப்பில் தரைமட்டமானது. அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எழுந்து நில்லுங்க. வலது கால ஊன்றி, இடது காலத் தூக்குங்க. கண்ண மூடுங்க." நல்ல காலில் இருபத்தொரு விநாடி நின்றார். "இப்ப இடது கால்ல." மூன்றாவது விநாடியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ண ஏன் மூடச் சொல்றீங்க?" என்று நான் கேட்டேன்.

"திறந்திருந்தா கண்ணு காலுக்கு ஒத்தாசை பண்ணும். இவர் மேலேருந்து இறங்கும்போது கண்ணு எங்க இருக்கும்? பந்து மேல. கால் தன்னால சமாளிக்கணும். அடி பட்டா கால் அந்த வித்தைய மறந்துடும், திரும்பக் கத்துக் குடுக்கணும். இடது கால் வலது காலுக்குச் சமமா நிக்கிற வரைக்கும் வலைக்குப் பக்கத்துல போகாதீங்க. அதுக்கப்புறமும் மெதுவாத்தான்."

பாடம் பெரிது. பாதத்தில் துண்டைக் கட்டி இழுக்க வேண்டும். டிப்போவில் கிழிந்த டியூபை நீளமாக வெட்டிக் கொடுத்தார்கள், அதை மேசைக் காலில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். குதிகாலை ஏற்றி இறக்க வேண்டும். இதெல்லாம் வீட்டில். ஒற்றைக்கால் நிலை மட்டும் தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில். அதுதான் எங்கள் தடத்தின் கடைசி, எட்டு நிமிடம் வண்டி நிற்கும். அண்ணன் இறங்கி, கைக்கெட்டும் தூரத்தில் படிக்கட்டுக் கம்பி இருக்கிற மாதிரி நின்று, வலது காலைத் தூக்கிக் கண்ணை மூடுவார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து மனதுக்குள் எண்ணுவேன். கால் இறங்கியதும் எண்ணைச் சொல்வேன். அன்றைய நல்ல எண்ணை அவர் வீட்டில் போய்ச் சொல்ல, அண்ணி சமையலறைக் காலண்டரில் எழுதுவார். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. "டிரைவர் தவம் பண்றாரு, வண்டி இப்போதைக்கு எடுக்க மாட்டாரு" என்று ஒருவர் ஜன்னல் வழியாக மனைவிக்குப் போனில் சொன்னார்.

முதல் இரண்டு வாரத்தில் மூன்று ஐந்தானது, ஆறானது. அப்புறம் ஆறிலேயே நின்றுவிட்டது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு நாள் ஆறு. ஆறு என்று நான் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. எட்டாம் நாள் படிக்கட்டில் உட்கார்ந்து, "விட்டுடலாம்மா. இது போன காலு. எனக்குத் தெரியுது" என்றார். சாவி அறை ஜன்னலில் பார்த்த அதே முகம்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மேனேஜர் படித்தால் படிக்கட்டும். ஒவ்வொரு நடைக்கும் வண்டி சேர்ந்த நேரத்தை நாங்கள் எழுத வேண்டும். பத்து மணிக்குச் சேர வேண்டிய வண்டி பத்து மூன்றுக்குச் சேர்ந்தால் பத்து என்றே எழுதுவோம். மூன்று நிமிடத்துக்காக ஓட்டுநரை விளக்கக் கடிதம் எழுத வைப்பதா? பாவம், சிக்னலில் அவர் என்ன செய்வார்? இப்படி ஒன்பது வருடமாக இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று அவருக்காக விழுங்கிப் பழகிய கை என்னுடையது. அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரிந்ததில்லை, அன்பு என்றே நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் அவர் நின்றார். ஆறு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"எட்டு" என்றேன்.

"எட்டா?"

"எட்டுண்ணே."

அவர் சிரித்ததைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அந்த எட்டு நிமிடத்தில் மூன்று தடவை நின்றார். மாலையில் அண்ணி போன் செய்து, "எட்டாமே, வீட்டுக்குள்ள பாட்டு பாடிட்டுத் திரியறார்" என்றார். நானும் மகிழ்ந்துதான் போனேன். ஒரு பொய் இவ்வளவு நல்லது செய்யுமா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் எட்டுக்கு அடுத்து மறுபடி ஆறு என்று சொல்ல முடியுமா? ஒன்பது சொன்னேன். நிஜத்தில் ஏழானபோது பத்து சொன்னேன். நிஜம் ஒரு படி ஏறினால் என் வாய் இரண்டு படி ஏறியது. ஆறாவது வாரம் பிசியோ அம்மா பார்த்தபோது ஒன்பது விநாடி வந்தது. என் கணக்கில் அப்போது பதினைந்து. எனக்கு வியர்த்துவிட்டது. அண்ணனோ அசரவில்லை. "உங்களப் பாத்தா பயத்துல கால் நடுங்குது மேடம், அங்க பஸ் பக்கத்துல நல்லா நிக்கிறேன்" என்றார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த அம்மாவின் கண்ணை நம்பாமல் என் கடிகாரத்தை நம்பினார். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

ஒன்பதாவது வாரம் என் கணக்கு இருபதைத் தொட்டது. நிஜம் பன்னிரண்டு. பிசியோ அம்மாவைப் பார்க்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. போட்டி ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை மதிய நடைக்குத் தண்ணீர்த் தொட்டியில் வண்டி நின்றபோது கேப்டன் அங்கே காத்துக்கொண்டிருந்தார். கையில் அண்ணனின் அணிப் பனியன், இஸ்திரி போட்டு மடித்தது. "இருபத்தொண்ணு வந்தா ஆடலாம்னு சொன்னாங்களாமே. நேத்தே இருபதாமே. வாங்கண்ணே, என் கண்ணு முன்னால நில்லுங்க, ஞாயித்துக்கிழமை உங்களத்தான் வலைக்கு முன்னால நிறுத்தப் போறேன்."

அண்ணன் இறங்கினார். முகமெல்லாம் உற்சாகம். வலது காலைத் தூக்கினார், கண்ணை மூடினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டில் தோள் ஆடியது. பத்தில் கணுக்கால் நடுங்கியது, சாக்சுக்கு மேலே தெரிந்தது. பன்னிரண்டில் வலது கால் தரையில் விழுந்தது. கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தார், கேப்டனை இல்லை.

"எவ்வளவும்மா?"

இருபத்தொன்று என்ற சொல் என் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் அவர் அந்தப் பனியனை மாட்டிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை எழும்புவார், விரல் நுனி வரை விரிவார், எல்லோரும் கை தட்டுவார்கள். அப்புறம் இறங்குவார். இறங்குவது பன்னிரண்டு விநாடிக் கால்.

"பன்னெண்டு" என்றேன்.

கேப்டன் சிரித்தார். "என்ன கண்டக்டரம்மா, கடிகாரம் நின்னு போச்சா?"

"ஓடுது. பன்னெண்டுதான்."

அண்ணனும் சிரிக்கத்தான் பார்த்தார். "நேத்து இருபதுன்னியே."

"நேத்தும் பன்னெண்டுதான்ணே. அதுக்கு முந்தின நாள் பதினொண்ணு."

வண்டிக்குள்ளிருந்து ஒரு குழந்தை எதையோ கேட்டு அழுதது.

"எப்ப இருந்து?" என்றார் அவர்.

"நாலாவது வாரத்துலேருந்து. ஆறுலேயே நின்னப்ப. நீங்க விட்டுடலாம்னு சொன்னீங்க, அதான்..."

கேப்டன் என்னைத் திட்டினார், நியாயமாகத்தான் திட்டினார். அப்புறம் அவரிடம் திரும்பி, "பன்னெண்டோ இருபதோ விடுங்கண்ணே. இறுக்கிக் கட்டு போட்டுக்கலாம். ஒரே ஒரு நாள். கிளட்ச் அமுங்குதுல்ல?" என்றார்.

அண்ணன் அந்தப் பனியனைக் கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவர் மாட்டிக்கொண்டுவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அமுங்குது" என்றார். "மூணு தடவையும் அமுங்கத்தான் செஞ்சுது." பனியனைக் கேப்டன் கையிலேயே திருப்பி வைத்தார். "வேற ஆளப் போடு."

எட்டு நிமிடம் முடிந்திருந்தது. அவர் ஏறி உட்கார்ந்தார், முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. டிப்போ வரை என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நாளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன், மைதானத்தின் மறுகோடியில் யார் கண்ணிலும் படாமல் நின்றேன். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பந்து வலைக்கு மேலே எழும்பும்போதெல்லாம் பாதி எழுந்தார், பாதியில் உட்கார்ந்தார். அவர் இடத்தில் ஆடிய ஆள் மோசமில்லை, ஆனால் நெட்டையண்ணன் எட்டிப் பிடித்திருப்பார் என்று எனக்கே தெரிந்த பந்துகள் நாலைந்து தாண்டிப் போயின. மூன்றாவது செட்டில் இரண்டு புள்ளியில் தோற்றோம். என் வாயால்தான் தோற்றோம் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை சொன்ன உண்மையால் இல்லை, அதற்கு முந்தைய ஆறு வாரப் பொய்யால். ஆடவே முடியாது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அவர் அந்தப் பெஞ்சில் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார், அணியும் வேறு ஆளைத் தயார் பண்ணியிருக்கும்.

மாலை ஐந்து மணிக்கு அண்ணி போன் செய்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். "உனக்கு நிஜ நம்பரெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்றுதான் கேட்டார்.

இருந்தது. பொய் சொன்னவளுக்கு உண்மை மறக்காது. ஒவ்வொரு நாளாகச் சொல்லச் சொல்ல, காலண்டரில் பேனா கீறும் சத்தம் கேட்டது, பழைய எண்ணை அடித்துப் பக்கத்தில் எழுதுகிறார்.

"ஆறு பன்னெண்டாகியிருக்கு" என்றார். "ரெண்டு மடங்கு. பாதிதான் வந்திருக்குன்னு இப்ப இங்க ஒருத்தர் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருக்கார். நீ இருபதுன்னு சொல்லாம இருந்திருந்தா பன்னெண்டுக்கே இந்த வீட்டுல பாட்டு கேட்டிருக்கும்."

போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் கொடுத்ததாக நினைத்த மகிழ்ச்சியை எல்லாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த மனிதர் நிஜமாகவே ஏறிக்கொண்டிருந்தார், பொய்க்கு அவசியமே இல்லாமல் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை நான் பேச்சுக் கொடுக்கவில்லை. மணியை அடித்தேன், அவர் வண்டியை நிறுத்தினார். மணியை அடித்தேன், எடுத்தார். முதல் நடையில் தண்ணீர்த் தொட்டியில் அவர் இறங்கவே இல்லை. இரண்டாம் நடையில் இன்ஜினை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கினார்.

அந்த நிறுத்தத்தில் நேரக் காப்பாளர் ஒருவர் உண்டு. அறைக்குள் பெரிய சுவர்க் கடிகாரம், விநாடி முள்ளோடு. கண்டிப்பான மனிதர், அரை நிமிடம் தவறினாலும் எழுதி வைப்பார். அண்ணன் அந்த அறைப் பக்கம் இரண்டு அடி நடந்தார். நான் படிக்கட்டிலேயே நின்றேன். அவர் அங்கே போவதுதான் சரி என்று எனக்கே பட்டது.

அவர் நின்றார். திரும்பி வந்து, வழக்கமான இடத்தில், படிக்கட்டுக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டார்.

"சத்தமா எண்ணு" என்றார். "எனக்கும் கேக்கணும்."

வலது காலைத் தூக்கினார். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார்.

நான் சத்தமாக எண்ணினேன். ஜன்னல்களில் தலைகள் நீண்டன. பத்து வரை உடம்பு ஆடவில்லை. பதினொன்றில் கால் இறங்கியது.

"பதினொண்ணு" என்றேன்.

"வெள்ளிக்கிழமைய விட ஒண்ணு கம்மி."

"ஆமாண்ணே. ஒண்ணு கம்மி."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அப்புறம் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு வலது காலை மறுபடி தூக்கினார். இந்தத் தடவை என்னைப் பார்க்கக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

"ம், எண்ணும்மா" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கணக்கு தப்பிவிடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டு, ஒன்றிலிருந்து எண்ணினேன்.